அவருக்குக் காற்று ஆகாது

போன வாரம் ஷாலினி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கிள்ளான் ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு வந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி, ஆனால் எதையும் விடாமல் கேட்பாள்.

"அங்கிள், புது ஸ்டாக் சிஸ்டத்துல ருத்தேனியம் கேட்டலிஸ்ட் எல்லாத்தையும் ஏ-வி-ஏ-ஆர்னு ஒரு பேருக்குக் கீழ போட்டு வச்சிருக்காங்க. அதோட ஃபுல் ஃபார்ம் என்ன? ஃபைசால்கிட்ட கேட்டேன், தெரியாதுன்னுட்டார். மிஸ் லீ அது ஏதோ ஜெர்மன் கம்பெனி பேருன்னு சொல்றாங்க."

படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, காலை மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரித்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஃபைசால் பதினைந்து வருடமாக "அவர் சுடா சம்பாய்?" என்றுதான் கேட்பான். அவர் வந்து சேர்ந்தாயிற்றா என்று அர்த்தம். அதில் முதல் சொல் எந்த மொழி என்று அவனுக்கே தெரியாது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அது கம்பெனி பெயர் இல்லையம்மா, தமிழ் என்று மட்டும் பதில் போட்டேன். உடனே ஐந்து கேள்விக்குறிகள் வந்தன. கட்டைவிரலால் அடித்துச் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்து நான் போனது ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு. அங்கே கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஒழுகலைப் பார்த்தேன். பிறகு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. நாற்பது வயதில், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளோடு, செம்பனை எண்ணெயிலிருந்து சவர்க்காரத்துக்கும் மெழுகுக்கும் சரக்குத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளனாகச் சேர்ந்தேன். ஒப்பந்தம் ஒரு வருடம். அது முடியும்போது மேலதிகாரி சிபாரிசு செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

அந்த மேலதிகாரிதான் டாக்டர் வசந்தமலர்.

அவர் வேதியியல் டாக்டர். இருமலுக்கு மருந்து கேட்டு வந்த ஃபோர்மேன்கள் பலர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். ஆள் குட்டை. பேனாவை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். யாரும் இரவல் வாங்கக்கூடாது என்பதற்காக. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் "நல்லது" என்று மட்டும் சொல்வார். ஒரு "நல்லது" என்றால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு "நல்லது" வாங்கியவர்கள் அடுத்த மாதம் வேறு இடத்தில் வேலை பார்த்தார்கள்.

எல்லாரையும் நீ என்பார். என்னைவிட இரண்டு வயது இளையவர், இருந்தாலும் முதல் நாளே நீ. காவலாளியும் நீ, கணக்குப் பிரிவின் தலைவரும் நீ. பொது மேலாளரோடு ஆங்கிலத்தில் பேசுவார். அதில் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் அவர் தப்பித்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் சின்னப் பையன்கள் என்னை அண்ணே என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதில் வந்து நீ, வா, போ என்று கேட்க நேர்ந்தது எனக்குள் தினமும் உறைத்தது. வீட்டில் வந்து மனைவியிடம் புலம்புவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடத்திலேயே டாக்டர் மரியாதை கொடுத்துப் பேசுவது ஒரே ஒருவருக்குத்தான். அவர் ஒரு சிறு புட்டியில் குளிர்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய் நிறத்துப் பொடி. ருத்தேனியம் கார்பீன் காம்ப்ளெக்ஸ் என்பது முழுப்பெயர்.

"சுப்ரா, நீ லேட்டா வந்தா பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம். இவர் இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது" என்று முதல் நாளே அறிமுகப்படுத்தி வைத்தார். "இவருக்குக் காத்து ஆகாது. தண்ணி ஆகாது. பழைய எண்ணெய் ஆகவே ஆகாது. மரியாதை கொடுத்தா வேலை செய்வார்."

நான் அந்தப் பொடியைப் பார்த்துக் கும்பிடாததுதான் குறை.

ஷாலினிக்கு இந்த வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பனை எண்ணெயின் மூலக்கூறு நீளமான கார்பன் சங்கிலி. அதன் நடுவில் இரண்டு கார்பன்கள் மட்டும் இரட்டைப் பிணைப்பில், அதாவது இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நிற்கும். இந்தப் பொடியில் சிட்டிகையிலும் சிட்டிகை போட்டு எத்திலீன் வாயுவை அனுப்பினால், அந்த இரட்டைப் பிணைப்பு பிரிந்து, ஆளுக்கொரு எத்திலீன் துண்டோடு புதிதாகக் கைகோத்துக்கொள்ளும். நீளச் சங்கிலி இரண்டு குட்டைச் சங்கிலிகளாகிவிடும். அந்தக் குட்டைச் சரக்குக்குத்தான் வெளிநாட்டில் கிராக்கி. பொடி செலவாவதில்லை, ஒரு ஜோடியை முடித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விடும்.

சொல்ல எளிது. செய்யும்போது டாக்டர் எங்கள் உயிரை வாங்குவார். எண்ணெய் கொஞ்சம் பழசானாலும் அதில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், அது பொடிக்கு விஷம். அதனால் எண்ணெயை அலுமினாத் தூள் அடைத்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் நைட்ரஜனைக் குமிழ்விட்டுக் காற்றை விரட்ட வேண்டும். பொடியை நிறுப்பது கண்ணாடிப் பெட்டிக்குள். அதில் பொருத்தியிருக்கும் நீளக் கையுறைகளுக்குள் கையை விட்டு, நைட்ரஜனுக்கு நடுவே நிறுக்க வேண்டும். புட்டியை உள்ளே அனுப்பும் சின்ன அறையில் மூன்று தடவை காற்றை உறிஞ்சி, மூன்று தடவை நைட்ரஜனை நிரப்ப வேண்டும். இரண்டரை தடவை என்றால் டாக்டருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கையை நுழைப்பதற்கு முன் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார், யாரோ இருக்கும் அறைக்குள் போவதுபோல. எல்லாம் முடிந்ததும் ஈத்தர் வகை மருந்து ஒன்றை ஊற்றிப் பொடியின் வேலையை நிறுத்த வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் கேட்டலிஸ்ட்டைக் கொல்வது என்று பெயர். மரியாதையோடு பேசும் டாக்டரும் அந்த இடத்தில், "சரி, அவரைக் கொன்னுடு" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஜப்பானிலிருந்து சரக்கு வாங்குபவர்கள் வெள்ளிக்கிழமை வந்து சோதனை ஓட்டத்தை நேரில் பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. கைவசம் இருந்த பொடி போதாது. வெளிநாட்டிலிருந்து ஐந்து கிராம் வரவழைத்தோம். இறக்குமதித் தாளை நிரப்புவது கமலா அக்கா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வரும் எங்கள் அனுப்புப் பிரிவு கிளார்க். நல்ல மனுஷி. ஆனால் அவருடைய கோப்பில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று, பினாங்குக்குப் போக வேண்டிய டிரம்களை கூச்சிங்குக்கு அனுப்பியதற்கு, மற்றது, கூச்சிங்கிலிருந்து திரும்பி வந்தவற்றை மறுபடியும் கூச்சிங்குக்கே அனுப்பியதற்கு. மூன்றாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

விற்றவர்கள் அனுப்பிய தாளில் வெறும் எண்தான் இருந்தது. பெயர் கேட்டுக் கமலா அக்கா எனக்கு ஃபோன் போட்டார். நான் புகைபோக்கி மேசைக்கு முன்னால் நின்றிருந்தேன். முகத்தில் மூடி, காதில் விசிறியின் இரைச்சல்.

"ருத்தேனியம் எழுதிட்டேன்பா. அடுத்தது என்ன?"

"கார்பீன் காம்ப்ளெக்ஸ்கா."

"கார்பீன் எப்படி எழுதறது?"

கமலா அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அது நினைவுக்கு வந்ததும் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட ஆசை வந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் ட்யூட்டியில வச்சிருப்பாரே கார்பைன் துப்பாக்கி, அதே ஸ்பெல்லிங்தான்கா. ஆனா இதுல ஈ வரும்."

"ஈ தானே? வருதே."

"அப்போ சரிக்கா."

துப்பாக்கியின் பெயரிலும் கடைசி எழுத்து ஈ தான். நான் சொன்னது நடுவில் ஐ-க்குப் பதிலாக வரும் ஈயை. அவர் பார்த்தது கடைசியில் இருக்கும் ஈயை. இரண்டு பேரும் திருப்தியாக ஃபோனை வைத்தோம்.

புதன்கிழமை காலை விமான நிலையச் சரக்குக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, யாராவது உடனே வரவும். டாக்டர் ஒரே ஒரு "நல்லது" சொல்லி என்னைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்.

அங்கே ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் புவான் ரொஹானா என்ற சுங்க அதிகாரி, தலைத்துணியும் மூக்குக் கண்ணாடியுமாக அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் போலீஸ் சார்ஜன் குணா. நம்ம ஆள், சுங்கை வேயில் வீடு என்று பின்னால் தெரிந்தது. மேசை மேல் எங்கள் பெட்டி. ஒரு பிரியாணிப் பொட்டலம் அளவு இருக்கும். ஆறடி தள்ளி நின்றிருந்த காவலர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன் தாளை என் பக்கம் திருப்பினார். ருத்தேனியம் கார்பைன் காம்ப்ளெக்ஸ், ஐந்து ஜி என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது.

"அண்ணே, கார்பைன்னு போட்டிருக்கு. காம்ப்ளெக்ஸ்னா கட்டடம். அஞ்சு ஜின்னா என்ன? அஞ்சு கன்னா?"

"கிராம் சார். இது பொடி. எழுத்துப் பிழை சார்."

"கார்பைனைப் பொடி பண்ணிக் கொண்டு வர்றீங்களா?"

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. டாக்டர். நான் எடுக்கலாமா வேண்டாமா என்று விழித்தேன். புவான் ரொஹானா ஒலிபெருக்கியில் போடும்படி சைகை காட்டினார். போட்டேன்.

"சுப்ரா, அவரைப் பார்த்தியா?" என்றது டாக்டரின் குரல்.

"பார்த்தேன் டாக்டர். பெட்டிக்குள்ளதான் இருக்கார்."

இந்த இடத்தில் நான் "இருக்கு" என்று சொல்லியிருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது. ஒரு வருடப் பழக்கம், வாயில் வரவில்லை.

"திறக்க விட்டுடாத. காத்து பட்டா போயிடுவார். ஐஸ் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க டாக்டர். ஆனா இங்க சார்..."

"யார் என்ன கேட்டாலும் திறக்காத. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் உயிரோட இருந்தா போதும். ஜப்பான்காரங்க பார்த்துட்டுப் போனதும் நாமளே கொன்னுடலாம், வழக்கம் போல. மிச்சத்தை டிரம்ல போட்டு அனுப்பிடலாம். சரியா?"

ஃபோன் அணைந்தது.

"வழக்கம் போல?" என்றார் சார்ஜன்.

புவான் ரொஹானாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன பேசினார்கள் என்று மலாயில் கேட்டார். சார்ஜன் எழுந்து விறைப்பாக நின்றுகொண்டு, "புவான், ஆடா ஓராங் டாலாம் கோத்தாக்" என்றார். பெட்டிக்குள் ஆள் இருக்கிறார் என்று.

புவான் ரொஹானா அந்தப் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்தார். சார்ஜனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பொட்டலத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய ஆள்?" என்று மலாயில் கேட்டார்.

சார்ஜனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்தார். "அண்ணே, அந்த அம்மா யாரை அவர் அவர்ன்றாங்க?"

"பொடியைத்தான் சார். மரியாதைக்குச் சொல்றது."

"பொடிக்கா?"

"ரொம்ப விலை சார்."

இனி நான் கார்பீன் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். கையுறை ஒழுகலைப் பார்த்துவந்தவன், போலீஸ்காரருக்கு வேதியியல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன்.

"சார், ரெண்டு ஜோடி இருக்காங்கன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. இவர் நடுவுல போவார். இந்த ஜோடியில ஒரு ஆளைப் பிடிப்பார். அந்த ஜோடியில ஒரு ஆளோட சேர்த்து வச்சுடுவார். மிச்ச ரெண்டு பேரையும் அதே மாதிரி. அப்புறம் அடுத்த ஜோடிக்குப் போயிடுவார்."

"கல்யாணத் தரகர்."

"தரகர்தான் சார். ஆனா ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களுக்கு."

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு லைசன்ஸ் இருக்கா?"

"ஆளுங்க இல்ல சார், கார்பன். எண்ணெயில இருக்கிற கார்பன். இவர் எப்பவும் ஒரு கார்பனைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் இருப்பார், சும்மா இருக்க மாட்டார். அந்தப் பிடிக்குத்தான் கார்பீன்னு பேரு. நடுவுல ஈ சார். ஐ கிடையாது. ஒரே எழுத்து."

அவர் இதையெல்லாம் புவான் ரொஹானாவுக்கு மலாயில் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை; நடுவில் காவலர் ஒருமுறை திரும்பிக்கொண்டு சிரித்தார். புவான் ரொஹானா சிரிக்கவில்லை. கணினியில் எதையோ தேடினார், நெடுநேரம் படித்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். பொருள் ஆபத்தில்லை என்று தெரிகிறது, பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் அறிவிப்பில் தவறு இருக்கிறது. தவறு செய்தவர் யார் என்று பெயர் போட்டு, கையெழுத்திட்ட கடிதம் கம்பெனித் தாளில் வர வேண்டும். வந்ததும் பெட்டியைக் கொண்டுபோகலாம்.

வெளியே வந்து கமலா அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவருக்குச் செய்தி முன்பே போயிருந்தது.

"நான்தானேப்பா டைப் பண்ணேன்" என்றார். "என் பேரையே போட்டு அடிக்கிறேன். மூணாவது லெட்டர் வந்தா வரட்டும். நீ பெட்டிய வாங்கிட்டு வந்துடு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

கொஞ்சம் இருங்கக்கா என்று வைத்துவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். நான் தியாகி இல்லை. ஒரு தே தாரிக் குடித்து, இரண்டு கறிபஃப் தின்று முடிக்கும்வரை, அவர் பெயரே போகட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டைப் செய்தது அவர்தானே. எனக்கு ஒப்பந்தம் முடிய ஒரு மாதம். நான்தான் தவறு செய்தேன் என்று எழுத்தில் கொடுத்தால் டாக்டர் எப்படிச் சிபாரிசு செய்வார்? இரண்டு பிள்ளைகள். நாற்பது வயதுக்காரனுக்கு இன்னொரு கையுறைத் தொழிற்சாலைகூடக் கிடைக்காது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். ஆனால் அந்த "ஈ தானே? வருதே" காதைவிட்டுப் போகவில்லை. அவர் கேட்கத்தான் செய்தார். நான்தான் சரி என்றேன்.

முதலில் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். துப்பாக்கி, ஈ, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்லது" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"நல்லது" என்றார் மறுபடியும். ஃபோன் அணைந்தது.

இரண்டு. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கமலா அக்காவிடம் என் பெயரைப் போட்டுக் கடிதம் அடித்து அனுப்பச் சொன்னேன். அவர் முடியாது என்றார், திட்டினார், கடைசியில் அழுதுகொண்டே அடித்தார். கடிதம் கிடங்கு அலுவலகத்து ஃபேக்ஸில் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு புவான் ரொஹானாவிடம் கொடுத்தேன். படித்துப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

அவர் படித்தார். தாளைச் சார்ஜனிடம் நீட்டினார். சார்ஜன் படித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். சுப்ரமணியம் ஆகிய நான், மேற்படி கார்பைனுக்கு முழுப் பொறுப்பேற்கிறேன் என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. கீழே என் கையெழுத்து.

அழுகிற கண்ணோடு அடித்தால் பழகிய எழுத்துத்தான் விழும்.

"அண்ணே, இதை வச்சே உங்களை உள்ள தள்ளலாம்" என்றார் சார்ஜன்.

புவான் ரொஹானா தாளைத் திரும்ப வாங்கினார். பேனாவை எடுத்து அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்தினார். பக்கத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டு, முத்திரை குத்தினார். பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் கொடுக்கும்போது, முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஹாத்தி-ஹாத்தி" என்றார். பத்திரம் என்று அர்த்தம். என்னைச் சொன்னாரா பெட்டியைச் சொன்னாரா தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான் எண்ணெயை வடித்தேன், நைட்ரஜன் விட்டேன், மூன்று தடவை உறிஞ்சினேன். டாக்டர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பொடியை நிறுத்தார். ஜப்பான்காரர்கள் நான்கு பேரும் கைகட்டி நின்று பார்த்தார்கள். அவர்களில் வயதானவர் டாக்டர் கண்ணாடியைத் தட்டியதைப் பார்த்துத் தானும் லேசாகக் குனிந்தார். சோதனைக் கருவி தாளில் வரைந்த கோட்டில், எண்ணெயைக் காட்டும் குன்று இருந்த இடம் சப்பையாகி, பக்கத்தில் இரண்டு புதுக் குன்றுகள் எழுந்தன. டாக்டர் என்னிடம் "கொன்னுடு" என்றார். கொன்றேன். பின்னால் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: கரைக்காமல் பொடியாக இருக்கும்போது அவர் அவ்வளவு நோஞ்சான் இல்லை, கொஞ்ச நேரம் காற்றையும் தாங்குவார். அன்று கிடங்கில் பெட்டியைத் திறந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. இதை டாக்டரிடம் நான் சொன்னதில்லை.

இரண்டு "நல்லது" பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் காலையில் மேசை மேல் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கமலா அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார். அந்த மாதம் இரண்டு கிலோ கூடினேன்.

மாதக் கடைசியில் ஒரு மதியம், நான் அடுத்த அறையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டர் யாருடனோ ஃபோனில் பேசுவது கேட்டது. அப்போது சுபாங் ஜெயா தலைமையகத்தில், பழைய பொடியை விட்டுவிட்டு இரண்டாம் தலைமுறைப் பொடிக்கு மாறச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்குத்தான் என்று நினைத்தேன்.

"இல்ல, அவரை மாத்த வேணாம்" என்றார் டாக்டர். "புதுசா ஒருத்தரைக் கொண்டு வந்து பழக்குறதுக்குள்ள ஒரு வருஷம் போயிடும். கொஞ்சம் பார்த்துப் பார்த்துத்தான் வச்சுக்கணும், ஒத்துக்கிறேன். சட்டுனு வாடிப்போயிடுவார். ஆனா வேலையில சுத்தம். தப்பு நடந்தா மறைக்கத் தெரியாது, நிறம் மாறி நம்மகிட்ட காட்டிக் கொடுத்துடுவார். அது போதும் எனக்கு. இவர் மாதிரி கிடைக்கிறது கஷ்டம், நிரந்தரமா இங்கயே இருக்கட்டும்."

கேட்டுக்கொண்டே குடுவையை உதறினேன். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பொடிக்கு இப்படி நாக்கு இனிக்கப் பேசுகிறார், எதிரில் கிடந்து மாரடிக்கிற மனிதனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது என்று நினைத்தேன். அன்று மாலை மனைவியிடம் அதையும் சேர்த்துப் புலம்பினேன்.

மூன்று நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மேலதிகாரி தொலைபேசியில் அளித்த சிபாரிசின்படி, என்று ஆரம்பித்து, என்னை நிரந்தரமாக்கியிருப்பதாகச் சொன்னது. அழைத்த நாளும் நேரமும் போட்டிருந்தது. நான் குடுவை கழுவிக்கொண்டிருந்த நாள், அதே மதியம்.

கடிதத்தை வைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சார்ஜன் குணா ஒரு பொடியை ஆள் என்று நினைத்துவிட்டார் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் ஓர் ஆளைப் பொடி என்று நினைத்துவிட்டேன். அதுவும் என்னையே. கண்ணைத் துடைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குள் போனேன்.

டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்க்காமலே, "நீ எங்க போயிட்ட? அவர் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கார்" என்றார்.

"வந்துட்டேன் டாக்டர்" என்றேன். அந்த "நீ" எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.